மகாலிங்கத்துக்கு நான் கொடுத்த பூட்ஸ்

அன்புள்ள கோதை,

நீ பெங்களூர் பஸ் ஏறிப் போய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து வந்தாய், ஒரு வார்த்தை பேசவில்லை. பையை வாங்கக் கை நீட்டினேன், நீயே தூக்கிக்கொண்டாய். பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. உன் கோபம் நியாயமானதுதான். முதன்முதலாக ஏழாயிரம் மீட்டருக்கு மேல் உயரமான மலையில் ஏறப் போகிறாய், அதற்காக மூன்று வருஷம் லீவு லீவாகப் போட்டுப் பயிற்சி எடுத்திருக்கிறாய். நீ பார்த்துப் பார்த்து வாங்கிய பூட்ஸில் ஒன்றைப் பிடுங்கி மொட்டை மாடியிலிருந்து கீழே எறிகிற அப்பனிடம் பேச என்ன இருக்கிறது? இரண்டு தடவை போனில் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் இதைப் போனில் என்னால் சொல்லியிருக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். நடுவில் கோபம் வந்தால் வைத்துவிட்டுப் பிறகு எடு. ஆனால் மலைக்குப் போக டெல்லிக்குக் கிளம்புவதற்குள் கடைசி வரி வரை படித்துவிடு.

அந்த பூட்ஸை நீ பெங்களூர்க் கடையில் வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு நம் வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். கால் பழக வேண்டும் என்று அதை மாட்டிக்கொண்டு நீ சித்திரை வெயிலில் சஞ்சீவி மலைக்கு ஏறிப் போனாய். எதிர்வீட்டு அம்மா உன் அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளைக்குக் காலில் எலும்பு முறிந்துவிட்டதா, கட்டு இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று விசாரித்தாள். நீ திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றியபோது நான் உன் காலைப் பார்த்தேன். இரண்டு பெருவிரல் நகமும் சிவந்து கிடந்தன. மறுநாள் சாயங்காலம் மாடியில் நீ திரும்பவும் அதைப் போட்டு நடந்தபோது, விரல் முன்னால் இடிக்கிறதா என்று கேட்டேன். நீ சொன்னது எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது.

"கொஞ்சம் இடிக்கும்பா. இறுக்கமா இருந்தாத்தான் ஐஸ்ல கால் ஆடாது. நீங்க சொல்லுவீங்கள்ல, பட்டாளத்துல ஒங்ககூட இருந்த அந்த ஆளுக்கு விரல் போனது ஈர சாக்ஸாலதான? பூட்ஸாலயா போச்சு? சாக்ஸை நான் பாத்துக்கிடுவேன். மலையேறுற கோர்ஸ்ல எனக்குப் பொறவு வந்த பிள்ளைக எல்லார்கிட்டயும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கேன்."

அதைக் கேட்டதும்தான் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. நீ உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றியதும் குனிந்து அதைப் பிடுங்கி எறிந்தேன். இதைப் போட்டுக்கொண்டு நீ மலைக்குப் போகவே கூடாது என்று கத்தினேன். ஏன் என்று நீ கேட்டாய். நான் காரணம் சொல்லவில்லை. அப்போது நீ, "நீங்க ஸ்டோர்ல இருந்தவரு. ஒரு நாளாவது மேல ஏறியிருக்கீங்களா?" என்றாய். அந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்லவில்லை. இப்போது இரண்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஏறியதில்லை. நீ சொன்னது சரி. பட்டாளத்தில் இருந்த பதினேழு வருஷத்தில் மூன்று குளிர்காலம் பனிமலை அடிவாரத்தில் ஒரு முகாமில் இருந்தேன். மேலே காவலுக்குப் போகிறவர்களுக்கு பூட்ஸ், சாக்ஸ், கையுறை, கால் உறை எல்லாம் எடுத்துக் கொடுப்பதும், அவர்கள் இறங்கி வந்ததும் திரும்ப வாங்கி வைப்பதும்தான் என் வேலை. மேலே போய் வந்தவர்கள் கழற்றிப் போடுகிற சாமான்களைப் பார்த்துப் பார்த்தே அந்த மலையை நான் தெரிந்துகொண்டேன். பனி புகாமல் பூட்ஸுக்கு மேல் முழங்கால் வரை மாட்டும் கால் உறைகள் திரும்பி வரும்போது பெரும்பாலும் உள்பக்கக் கணுக்காலில் கிழிந்திருக்கும். பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற இரும்பு முள், நடக்கும்போது அடுத்த காலில் பட்டுக் கிழிக்கும். களைத்துப்போனவன் கால்களை ஒட்டி ஒட்டி வைப்பான், அவனுடைய உறைதான் அதிகமாகக் கிழிந்திருக்கும். பூட்ஸின் உள்ளே இருக்கும் தனி உறையைத் தொட்டால், அதைக் கழற்றித் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியவன் யார், சோம்பல்பட்டு அப்படியே விட்டு உறையவிட்டவன் யார் என்று சொல்லிவிடுவேன். யாருடைய கால் எந்த நம்பர் என்று ஆளைப் பார்த்ததும் சொல்வேன். முகாமில் அதற்காக எனக்கு ஒரு பெயர்கூட இருந்தது. எனக்கு அதில் பெருமை. அந்தப் பெருமையோடுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவே எனக்கு வழியில்லை.

நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் அது. வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்திலிருந்து மகாலிங்கம் என்று ஒருவன் எங்கள் முகாமுக்கு வந்தான். என்னைவிட ஆறு வயது இளையவன். நம் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் என்னிடம் ஒட்டிக்கொண்டான், அண்ணாச்சி அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். வயலில் வெறும் காலோடு வளர்ந்தவன் கால், முன்பக்கம் அகன்று விரல்கள் விரிந்திருக்கும். பத்தாம் நம்பர். அதைப் பார்த்த முதல் நாளே எனக்குத் தெரியும். அவனுடைய குழு மறுநாள் காலையில் மேலே போக வேண்டும் என்று திடீரென்று உத்தரவு வந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும், அவன் பூட்ஸ் வாங்க வந்தான். அலமாரித் தட்டில் இருந்த பத்தாம் நம்பர் எல்லாம் தீர்ந்திருந்தது. பின்னால் பெட்டியில் புதுசு இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்றால் மேலே இருக்கும் மூன்று பெட்டிகளை இறக்கி, கையுறையைக் கழற்றிவிட்டு ஆணி பிடுங்க வேண்டும். பக்கத்துக் கூடாரத்தில் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது, நாங்கள் நாலு பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தோம். நான் பாதி ஆட்டத்தில் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தவன்.

ஒன்பதாம் நம்பரை எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தான். "அண்ணாச்சி, விரல் மடங்குது" என்றான். "புதுசுல அப்படித்தாம்டே இருக்கும். ரெண்டு நாள் நடந்தா இளகிரும். ஒரு சாக்ஸைக் கொறச்சுக்க" என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் காலத்து பூட்ஸுக்கு வெளிக்கூடு கெட்டி பிளாஸ்டிக். ரெண்டு நாள் இல்லை, ரெண்டு வருஷம் நடந்தாலும் அது இளகாது. எனக்கு அது தெரியும். சாக்ஸைக் குறைத்தால் குளிர் ஏறும் என்பதும் தெரியும். அவன் எனக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். நான் திரும்பிப் போய்ச் சீட்டைக் கையில் எடுத்தேன்.

பதினெட்டாம் நாள் அவனை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். இடது காலில் ஐந்து விரலும் கருகிய மாதிரி இருந்தன. வலது காலில் பெருவிரலும் அடுத்ததும். அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு, அதிகாரி ஒருவர் என்னைக் கூப்பிட்டு பூட்ஸ் சரியான அளவில்தான் கொடுத்தாயா என்று கேட்டார். சரியான அளவுதான் சார், ஈர சாக்ஸைக் கழற்றாமல் படுத்திருப்பான் என்று சொன்னேன். அந்த வாக்கியம் எனக்கு அப்போது அந்த இடத்திலேயே தோன்றியது, யோசிக்கக்கூட இல்லை. அவனுடைய சாமான்கள் இறங்கி வந்தபோது அந்த ஒன்பதாம் நம்பர் ஜோடியைத் துடைத்து மற்றதோடு தட்டில் கலந்து வைத்துவிட்டு, மூன்று பெட்டிகளையும் இறக்கி ஒரு பத்தாம் நம்பர் ஜோடியை எடுத்து, புதுசு என்று தெரியாதபடி கல்லில் தேய்த்து அவன் மூட்டையில் வைத்தேன். அன்றைக்கு ஆணி பிடுங்க எனக்குச் சோம்பலாக இல்லை.

ஆஸ்பத்திரியில் அவன் பூட்ஸ் இறுக்கமாக இருந்தது என்று சொல்லியிருக்கிறான். சாமானைச் சோதித்தார்கள், பத்தாம் நம்பர் இருந்தது. அவன் மேல்தான் தப்பு, காலைக் கவனித்துக்கொள்ளவில்லை என்று முடிவாகிவிட்டது. பட்டாளத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பொய்யை எடுத்து வீட்டுக்கு வேறு கொண்டுவந்தேன். உன் அம்மாவிடம் சொன்னேன். மழையில் நனைந்த ஷூவோடு நீ பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நாளில் எல்லாம், காலைத் துடை, எங்களோடு ஒருத்தன் இருந்தான், ஈர சாக்ஸால் விரலை எல்லாம் இழந்தான் என்று உனக்குச் சொன்னேன். நீ கண்ணை விரித்துக் கேட்பாய். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிஜம் மாதிரியே ஆகிவந்தது. உனக்கு ஏழு வயது இருக்கும்போது மடவார் வளாகத்தில் உன் மாமா வீட்டுக்கு ஒரு நாள் போனோம், ஞாபகம் இருக்குமோ என்னவோ. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் உன் கையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன், ஏன்பா ஓடுறோம் என்று நீ கேட்டாய். வத்திராயிருப்பு பஸ் நிற்கும் இடத்தில் மகாலிங்கம் ஒரு கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். அவன் என்னைப் பார்த்தானா என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

மாடியில் நீ அந்தக் கதையைச் சொன்னபோதுதான் நான் செய்தது முழுசாக எனக்கு விளங்கியது. அவனுடைய விரல்களை எடுத்ததைப் போலவே இறுக்கமான பூட்ஸை நீ போட்டு நிற்கிறாய், அதில் ஒன்றும் ஆகாது என்பதற்கு என் பொய்யையே ஆதாரமாகக் காட்டுகிறாய். அதோடு எனக்கு முகம் தெரியாத எத்தனையோ பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். நான் உன்மேல் கோபப்படவில்லை, கோதை. எனக்குக் கோபப்பட வேறு இடம் தெரியவில்லை.

நீ போன மறுநாள் காலையில் உன் அம்மா, "அவ சொன்ன ஒரு வார்த்தைக்கா இம்புட்டுக் கோவம்? வேற என்னமோ இருக்கு, சொல்லுங்க" என்று என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கிட்டயும் இருபத்தெட்டு வருசமா அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான். சாப்பாடு போடுகிறாள், துணி துவைத்து வைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அதற்கு மேல் பேசுவதில்லை. உனக்கு எழுதப்போகிறேன் என்று சொன்னபோது மட்டும், "மொதல்ல மகாராஜபுரம் போயிட்டு வாங்க. பொறவு எழுதுங்க" என்றாள்.

முந்தாநாள் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வத்திராயிருப்பு பஸ் பிடித்து, மகாராஜபுரத்தில் பட்டாளத்துக்காரர் மகாலிங்கம் வீடு எது என்று ஒரு கடையில் கேட்டேன். "காலு போனவரா?" என்று கேட்டுத்தான் வழி சொன்னார்கள். தோப்புக்குள் வீடு. மகாலிங்கம் வாசலில் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அன்று அவன் இவன் என்று பேசிய ஆளை இன்று அப்படி எழுதக் கை வரவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையில் இருந்த காயைக் கீழே வைத்தார். "ஸ்டோர்காரரு" என்றார். அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. நான் இருந்த நேரம் முழுக்க எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை.

நின்றபடியே சொன்னேன். ஒன்பதாம் நம்பர் என்று தெரிந்தே கொடுத்தது, சீட்டு விளையாட்டு, அதிகாரியிடம் சொன்ன பொய், மூட்டையில் பூட்ஸை மாற்றி வைத்தது, எல்லாம். மாற்றி வைத்ததைச் சொன்னபோது மட்டும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பூட்ஸ் எப்படி பத்தாம் நம்பர் ஆனது என்று இத்தனை வருஷமாக அவருக்கு விளங்காமலே இருந்திருக்கிறது. வலியில் தானே நம்பரைத் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்றுகூட நினைத்திருக்கிறார். பிறகு காலில் போட்டிருந்த செருப்பைக் கழற்றினார். இடது பாதம் பாதியோடு முடிந்திருந்தது. செருப்பின் முன்பக்கத்தில் துணி திணித்துத் தைத்திருந்தார்.

"மொத ரெண்டு நாள் விரல் உயிர் போற மாதிரி வலிச்சுது" என்றார். "மூணாம் நாள் காலைல வலி நின்னு போச்சு. சரி, பூட்ஸ் இளகிருச்சுன்னு நெனச்சு சந்தோசப்பட்டேன். நீங்கதான சொன்னீங்க, இளகிரும்னு."

மன்னிப்புக் கேட்டேன். அவர் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? எனக்குத்தான் தெரியுமே. வீட்ல எங்கண்ணன் இருக்காரு, எம் பொண்டாட்டி இருக்கா. அவிய கிட்ட சொல்லுங்க" என்றார். உள்ளே குரல் கொடுத்தார். இருவரும் வந்தார்கள். நான் முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவருடைய மனைவி பாதியிலேயே உள்ளே போய்விட்டார். அண்ணன் கடைசி வரை நின்று கேட்டார். "எங்கய்யா சாகுத வரைக்கும் இவனை ஏசிக்கிட்டே இருந்தாரு" என்றார். "ஒரு சாக்ஸைக் காயப்போடத் தெரியாம வேலையும் போச்சு காலும் போச்சுன்னு. நாலு வருசம் ஆச்சு அவரு போயி. அவரு இருக்கும்போது வந்திருக்கப்படாதா?"

கோதை, நான் அந்த வீட்டுக்கு முப்பது நாற்பது கிலோமீட்டரில்தான் இருந்தேன். அந்தப் பெரியவர் உயிரோடு இருந்த இருபத்துநாலு வருஷமும் இருந்தேன்.

கிளம்பும்போது மகாலிங்கம், இப்போது மட்டும் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். உன்னைப் பற்றிச் சொன்னேன். நீ என்ன மலை ஏறுகிறாய், என்ன பூட்ஸ், எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "வலிச்சாப் பரவால்ல, வலி நின்னாத்தான் பயப்படணும்னு அந்தப் பிள்ளைட்ட சொல்லுங்க. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மறுபடி வாருங்கள் என்றும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் அன்றைக்கு என்னைப் பார்த்தீர்களா என்று கேட்க நினைத்தேன். "ஒங்க பிள்ளை அன்னைக்கு மஞ்சச் சட்டை போட்டிருந்துச்சு" என்று அவரே சொல்லிவிட்டுக் காயை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

இனி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஸ்டோர்காரன் சொல்வதாகவே எடுத்துக்கொள். இப்போதைய பூட்ஸ் கணக்கில் உன் கால் முப்பத்தொன்பதாம் நம்பர். நீ வாங்கியிருப்பதும் முப்பத்தொன்பது. கடையில் காலை நேரத்தில், மெல்லிய சாக்ஸோடு போட்டுப் பார்த்திருப்பாய். சாயங்காலம், நாள் முழுக்க நடந்து கால் வீங்கியிருக்கும்போது, மலையில் போடப்போகிற அதே சாக்ஸோடு போட்டுப் பார்த்தால் ஒரு நம்பர் கூட வேண்டியிருக்கும். உயரத்துக்குப் போகப் போக கால் இன்னும் வீங்கும். கயிறு கட்டாமல் பூட்ஸுக்குள் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டிய பிறகு, சுவரில் முன்னால் உதைத்தால் நகம் இடிக்கக் கூடாது. சரிவில் இறங்கி நடந்தால் விரல் முன்னால் போய் முட்டக் கூடாது. உள்ளே விரல்களை மடக்கி நீட்ட முடிய வேண்டும். விரல் அசைந்தால்தான் ரத்தம் ஓடும், ரத்தம் ஓடினால்தான் சூடு இருக்கும். அதற்காகப் படகு மாதிரி பெரிதாகவும் வாங்கிவிடாதே. ஏறும்போது குதிகால் தூக்கிக்கொண்டே இருந்தால் தோல் உரிந்து புண்ணாகிவிடும். ஐஸில் கால் ஆடக் கூடாது என்று நீ சொன்னது சரிதான். ஆனால் அது குதிகாலுக்குப் பொருந்தும், விரலுக்குப் பொருந்தாது.

உன்னுடையது உள் உறை தனியாகக் கழலும் இரட்டை பூட்ஸ்தான், அதைப் பார்த்தேன், அந்த வகையில் தப்பில்லை. தினமும் கூடாரத்துக்குள் போனதும் உள் உறையைக் கழற்றித் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள். சாக்ஸ் விஷயத்தில் நான் உனக்குச் சொன்ன கதை பொய்யே தவிர, ஈரத்தை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது என்பது நிஜம். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி காய்ந்த கம்பளி சாக்ஸை வேறு எதற்கும் எடுக்காமல் வைத்திரு. நடக்கும்போது மெல்லியதாக ஒன்று, அதன்மேல் தடித்தது ஒன்று, போதும். குளிர்கிறது என்று மூன்றாவதை மாட்டினால் பூட்ஸ் இறுகி, இருக்கிற சூடும் போய்விடும். சாக்ஸின் மடிப்புக்கு அடியில் உள்பேண்ட்டின் எலாஸ்டிக் சுருண்டு கிடந்தால் அதுவும் கயிறு மாதிரி கட்டிவிடும், அதை இழுத்துவிட்டுத்தான் பூட்ஸைப் போட வேண்டும்.

இரும்பு முள்ளை அந்தப் புது பூட்ஸோடு எடுத்துப் போய்க் கடையிலேயே மாட்டிப் பார். பூட்ஸ் மாறினால் முள்ளும் பொருந்தாமல் போகலாம், அதை மலையில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது. முழங்காலுக்குக் கீழே போடும் உறையைக் கெண்டைக்காலில் இறுக்கிக் கட்டாதே, பனி உள்ளே போகாத அளவு போதும். கொக்கி வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கக் கணுக்காலில் கெட்டித் துணி ஒட்டி ஒரு துண்டு தைத்துக்கொள். நம் சந்தைத் தெருவில் பை தைக்கிறவரிடம் தைத்து வாங்கியிருக்கிறேன், இந்தக் கடிதத்தோடு இரண்டு துண்டு வருகிறது. காற்றைத் தடுக்க மேலே போடும் பேண்ட்டுக்கு இடுப்பிலிருந்து கால் வரை பக்கவாட்டில் ஜிப் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் அதைப் போடவும் கழற்றவும் ஒவ்வொரு தடவையும் பூட்ஸைக் கழற்ற வேண்டிவரும், அங்கே யாரும் கழற்ற மாட்டார்கள், குளிரில் அப்படியே நிற்பார்கள்.

மகாலிங்கம் சொன்னதை நான் இன்னொரு தடவை சொல்கிறேன். விரல் வலித்தால் நின்று, கயிற்றைத் தளர்த்து, விரலை அசை. வலி தானாக நின்று மரத்துப் போனால், உச்சி நூறு அடியில் தெரிந்தாலும், யார் என்ன நினைப்பார்களோ என்று பார்க்காமல் உன் தலைவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் திரும்பு. நீ திரும்பி வந்தால் யாரும் உன்னை ஏச மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஏசலாம். ஏசட்டும்.

மலைக்குப் போகாதே என்று இனி நான் சொல்ல மாட்டேன். சொல்லும் தகுதியை எப்போதோ இழந்துவிட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கதையை நீ யார் யாரிடம் சொன்னாயோ, அவர்களிடம் அது பொய் என்று சொல்ல வேண்டும். சொன்னவர் என் அப்பா, பூட்ஸ் கொடுத்தவரும் அவரே என்று சொல்ல வேண்டும். உனக்கு வாய் வராவிட்டால், நீங்கள் எல்லாரும் வாரம் ஒரு நாள் போனில் ஒன்றாகக் கூடிப் பேசுவீர்கள் என்று சொன்னாயே, அதில் என்னைக் கூப்பிடு. நானே சொல்கிறேன். மகாராஜபுரத்தில் இரண்டு தடவை சொன்னேன், இன்னொரு தடவையும் சொல்வேன்.

கூப்பிடாவிட்டாலும் போகிறது. நீ டெல்லிக்குக் கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே சாயங்காலம் கடைக்குப் போய் பூட்ஸை மாற்றிவிடு. இந்த அப்பாவோடு பேசுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்துகொள்.

அப்பா